முன்னாள் மாணவர் நடத்தும் கல்லூரி நேர்காணல்: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

இராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறார். இளநிலைப் படிப்புக்காக அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவற்றுள் ஒன்றில் படித்து முடித்த ஒருவர், கல்லூரியின் சார்பில் தன்னார்வலராக உங்களுடன் பேச விரும்புகிறேன், முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். என்ன கேட்பார்கள், எதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டும், ஆங்கிலம் தடுமாறினால் இடம் போய்விடுமா, அம்மாவும் உடன் இருக்கலாமா என்பவை தம்பியின் கேள்விகள். அம்மா கடற்பாசி எடுக்கப் போகிறவர் என்றும், தங்கை அம்மாவின் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறாள், பாசியைக் காய்வதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுக் குறித்து வைக்கிறாள், இதையெல்லாம் அங்கே சொல்லலாமா, சொல்லாமல் விட்டுவிடுவது நல்லதா என்றும் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறார்.

இத்தகைய நேர்காணல்களைச் சில ஆண்டுகளாக நடத்தி வருபவன் நான்; இதே கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கடைசி வரிதான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுத வைத்தது.

முதலில், இந்த நேர்காணல் எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் கல்லூரிச் சேர்க்கை என்றால் மதிப்பெண், கட் ஆஃப், கலந்தாய்வு என்று முடிந்துவிடுகிறது. யாரும் மாணவரை உட்கார வைத்துப் பேசுவதில்லை. ஆகவே நேர்காணல் என்ற சொல்லைக் கேட்டதும் வேலைக்கான நேர்காணலோ, செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேட்கும் வாய்மொழிக் கேள்விகளோ, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் விசா நேர்காணலோதான் வீட்டாரின் நினைவுக்கு வருகின்றன. இது இவற்றில் எதுவும் அன்று. பேச வருபவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். அவருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலான கல்லூரிகளில் அவருக்கு உங்கள் தங்கையின் மதிப்பெண்ணோ கட்டுரையோ ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமோ காட்டப்படுவதும் இல்லை. பெயர், பள்ளி, தொடர்பு முகவரி, விரும்பும் பாடம் என்ற அளவில்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. பேசி முடித்த பிறகு, தாம் கேட்டதையும் கண்டதையும் ஓர் அறிக்கையாக எழுதிச் சேர்க்கைக் குழுவுக்கு அனுப்புவது மட்டுமே அவர் பணி. அந்த அறிக்கை மற்ற தாள்களோடு சேர்த்துப் படிக்கப்படும். பள்ளிப் பாடங்களும் மதிப்பெண்களும் கட்டுரைகளும் பரிந்துரைகளும்தான் பெரும் எடை கொண்டவை. நேர்காணல் அவற்றுக்கு உயிர் சேர்க்குமே தவிர அவற்றின் இடத்தைப் பிடிக்காது.

எல்லாக் கல்லூரிகளும் இதை ஒரே விதமாக நடத்துவதில்லை. ஹார்வர்டு, யேல் போன்றவை, பேசுவதற்கு ஆள் கிடைக்கும்போது மட்டும் நேர்காணல் தருகின்றன. கிடைக்காதவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இயன்றவரை ஒவ்வொரு விண்ணப்பதாரரும் நேர்காணலுக்கு வர வேண்டும் என்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகம் 2023-ஆம் ஆண்டு விண்ணப்பப் பருவத்தோடு முன்னாள் மாணவர் நேர்காணலையே நிறுத்திவிட்டது. பிரவுன் பல்கலைக்கழகம் அதற்குப் பதிலாக, மாணவரே தம்மைப் பற்றிப் பேசி அனுப்பும் குறுங்காணொளியை ஏற்கிறது. மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. இந்தத் தன்னார்வலர்களைக் கல்வி ஆலோசகர் என்று அழைக்கிறது. (எம்.ஐ.டி. என்றதும் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம் ஊரில் உண்டு. இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள்.) எனவே தங்கை முதலில் செய்ய வேண்டியது, தமக்கு அழைப்பு வந்த கல்லூரியின் இணையதளத்தில் நேர்காணல் பற்றிய பக்கத்தை ஒருமுறை முழுமையாகப் படிப்பது. ஒரு கல்லூரிக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தாது.

இனி விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். நேர்காணல் முடிந்த அன்றிரவோ மறுநாளோ அந்த முன்னாள் மாணவர் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் எழுதியிருக்கிறேன், அது எளிதான வேலை அன்று. நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள், படிப்பில் ஆர்வம் உள்ளவள் என்று எழுதினால் அதைப் படிக்கும் சேர்க்கை அலுவலருக்கு எந்தப் பயனும் இல்லை. ஏனென்றால் வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன. அவருக்கு வேண்டியது, இந்த மாணவி என்ன செய்தாள், எதைக் கண்டு யோசித்தாள், கேள்வி கேட்டால் எப்படிப் பதில் தேடுகிறாள் என்பதைக் காட்டும் குறிப்பான செய்திகள். அவற்றை நேர்காணல் நடத்துபவர் கற்பனையாக உண்டாக்க முடியாது. மாணவிதான் தர வேண்டும். ஆகவே தயாரிப்பு என்பது, அவர் எழுதத் தக்க உண்மையான செய்திகளைக் கைவசம் வைத்துக்கொள்வதே ஆகும். கேள்விகளுக்கு விடை மனப்பாடம் செய்வது தயாரிப்பே அன்று.

உதாரணமாக, உனக்கு எதில் ஆர்வம் என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எனக்குக் கடல்வாழ் உயிரினங்கள் மீது மிகுந்த ஆர்வம் உண்டு, சுற்றுச்சூழலைக் காக்க விரும்புகிறேன், நான் கடின உழைப்பாளி, எனக்குத் தலைமைப் பண்பு உண்டு என்று பதில் சொன்னால், அதில் பொய் எதுவும் இல்லாவிட்டாலும், எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. இதே பதிலைக் கடலையே பார்க்காத ஊரில் இருக்கும் மாணவரும் சொல்லலாம்.

உங்கள் தங்கையோ இப்படிச் சொல்லலாம்; ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன். "என் அம்மா மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர் நன்றாக வற்றும்போது விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையோடு ஒட்டியிருக்கும் பாசியைப் பறிப்பார்கள். கரையில் காய வைத்து வியாபாரியிடம் போடும்போது, ஈரம் இருக்கிறது, மண் இருக்கிறது என்று அவர் எடையில் கழிவு பிடிப்பார். எவ்வளவு பிடிப்பது நியாயம் என்பது எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. அதனால் நான் ஈரப்பாசியை எடை போட்டு, மண்ணைத் தட்டி, காய்ந்த பிறகு மறுபடியும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்." இவ்வளவு சொன்னாலே போதும், எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து அடுத்த கேள்வி கேட்பார். மேகமூட்டமான நாளில் எடை எப்படி மாறுகிறது? மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற இரண்டு பாசி வகைகளுக்கும் ஒரே கணக்குத்தானா? நோட்டைப் பார்த்து வியாபாரி என்ன சொன்னார்? குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் நம்பினார்களா? எங்கே கணக்கு தப்பியது? இந்தக் கேள்விகளுக்குத் தங்கைக்கு உண்மையான விடைகள் இருக்கும், ஏனென்றால் அவர் அதைச் செய்திருக்கிறார். தெரியாதது வந்தால், அதை நான் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். அந்தப் பதிலும் எழுதத் தக்கதே.

ஆகவே தம்பி, கடைசி வரியில் தயங்கிக் கேட்டீர்களே, அதற்கு என் பதில்: சொல்ல வேண்டும், அதையே நன்றாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதைப் பெரிதாக்க வேண்டாம். நகரத்து ஆலோசனை மையங்கள் சில, இத்தகைய ஒரு வேலைக்குப் பெயர் சூட்டி, அதை ஓர் அமைப்பாக்கி, நிறுவனர் என்று போட்டுக்கொள்ளச் சொல்லித் தருகின்றன. முக்கால் மணி நேர உரையாடலில் இரண்டாவது, மூன்றாவது கேள்வியிலேயே ஊதிப் பெரிதாக்கிய பகுதி தெரிந்துவிடும். தெரிந்த பிறகு உண்மையான பகுதியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நோட்டில் கணக்கு எழுதினேன் என்பது நோட்டில் கணக்கு எழுதினேன் என்றே இருக்கட்டும்.

பெரிதாக்குவதைக் காட்டிலும் நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் காண்பது இதற்கு நேர்மாறான குறை. தன்னைப் பற்றித் தானே பேசுவது அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள், தாம் தனியாகச் செய்ததைக்கூட நாங்கள் செய்தோம் என்பார்கள். என்ன செய்தாய் என்று கேட்டால் எல்லாம் எங்கள் ஆசிரியர் வழிகாட்டுதல்தான் என்று முடித்துக்கொள்வார்கள். கேட்பதற்கு அது அழகாக இருக்கலாம். ஆனால் எழுதுபவரின் தாள் வெறுமையாகவே இருக்கும். அடக்கம் என்பது செய்ததை மறைப்பதில் இல்லை. இதை நான் செய்தேன், இந்த இடத்தில் உயிரியல் ஆசிரியை உதவினார், எடைக்கல்லை அத்தை கொடுத்தார் என்று பிரித்துச் சொன்னால், உண்மையும் வரும், மற்றவர்களுக்கு உரிய மதிப்பும் போய்ச் சேரும். பெரியவர் முன்னால் தலை குனிந்து, ஒற்றைச் சொல்லில் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் பழக்கத்தையும் அந்த முக்கால் மணி நேரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். அங்கே அது பணிவாகப் புரிந்துகொள்ளப்படுவதில்லை. பேச விருப்பம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளப்படும்.

கஷ்டத்தைச் சொல்வது பற்றியும் ஒரு வார்த்தை. நம் கடற்கரையில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு துயரம் இருக்கிறது: கடலுக்குப் போனவர் திரும்பாதது, பிடிபட்ட படகு, தடைக்காலத்துக் கடன். அது தங்கையின் வாழ்க்கை. சொல்ல விரும்பினால் சொல்லலாம், விரும்பாவிட்டால் யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் அதை மனுவாக முன்வைக்கக் கூடாது. நேர்காணல் நடத்துபவரிடம் உதவித்தொகை தரும் அதிகாரம் இல்லை. பண உதவிக்கான விண்ணப்பம் தனிப் படிவத்தில், தனி அலுவலகத்துக்குப் போகிறது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மவுத் ஆகியவை வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்பதைத் தேர்வின்போது பாதகமாகக் கொள்வதில்லை. தேர்வானவரின் தேவை முழுவதையும் ஈடுசெய்கின்றன. வேறு பல கல்லூரிகளில் நிலைமை வேறு. எதுவாக இருந்தாலும் இந்த உரையாடலில் அது தீர்மானிக்கப்படுவதில்லை. துயரம் பேச்சில் வந்தால், அப்போது நான் என்ன செய்தேன், வீட்டில் எந்தப் பொறுப்பை ஏற்றேன் என்ற பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள்.

எதிரில் இருப்பவருக்கு நம் ஊர் தெரியாது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அவர் பாஸ்டனில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், சென்னையிலேயே இருந்தும் பாம்பனைத் தாண்டாதவராக இருக்கலாம். தங்கச்சிமடம் என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. இந்தியாவின் தென்கிழக்கில், இலங்கையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு தீவு எங்களுடையது, அதற்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா என்று ஒரே வாக்கியத்தில் இடத்தை நிறுத்திவிட வேண்டும். பாசி என்றால் என்ன என்பதற்கும் அப்படி ஒரு வாக்கியம் வேண்டும்: மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் எடுக்கிறார்கள், கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள், இவை உணவுப் பொருள்களிலும் மருந்துகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுகின்றன. தடைக்காலம் என்று சொன்னால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற அரசு விதி என்று விளக்க வேண்டும். இந்த விளக்கங்கள் சுருக்கமாகவும் சரியாகவும் இருப்பது, மாணவி தன் ஊரைத் தெரிந்து வைத்திருக்கிறாள் என்பதற்கே சான்றாகும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருந்தால், அங்கே கண்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வேண்டாம்.

இராமேசுவரம் தீவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் நான் தனியாக ஒன்று கேட்டுக்கொள்வதுண்டு. உன்னை ஈர்த்தவர் யார் என்ற கேள்விக்கு ஏறத்தாழ எல்லோருமே அப்துல் கலாம் என்கிறார்கள். அவர் நம் தீவின் பெருமை. இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்து மேலேறியவர். அவரைச் சொல்வதில் தவறே இல்லை. ஆனால் அவர் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லி நேரத்தைச் செலவழித்தால், அறிக்கையில் கலாம் இருப்பார், தங்கை இருக்க மாட்டார். கலாம் வாழ்க்கையின் எந்தச் செய்தி, எந்த நாளில், தன்னை என்ன செய்ய வைத்தது என்று சொல்ல முடிந்தால் சொல்லட்டும். இல்லையென்றால் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்லலாம், கடைசி வரிசையில் உட்கார வைத்தும் கணக்குப் புரிய வைத்த ஆசிரியரைச் சொல்லலாம்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் குரல் இந்தக் கவலையாலேயே அடங்கிப்போவதை நேரில் கண்டிருக்கிறேன். உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கும் மாணவர்களோடு பேசுபவர்கள் இவர்கள். உச்சரிப்புக்கோ இலக்கணப் பிழைக்கோ அவர்கள் மதிப்பெண் போடுவதில்லை. வகுப்பில் பாடத்தைப் புரிந்துகொண்டு, சக மாணவரோடு பேசிப் பழக முடியுமா என்பது மட்டுமே அவர்கள் கவனிப்பது. சிறிய வாக்கியங்கள் போதும். கேள்வி புரியாவிட்டால், மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்கலாம். சொல் கிடைக்காவிட்டால் அந்தப் பொருளை விவரித்துச் சொல்லலாம். யோசிக்க நேரம் வேண்டுமானால் சற்று யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அமைதியாக இருக்கலாம். கெடுப்பது தடுமாற்றம் அன்று, மனப்பாடம்தான். எழுதி வைத்து ஒப்பிக்கும் பதிலில் குரலே மாறிவிடும், கண் எங்கோ போய்விடும். நடுவில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதனால் பயிற்சியை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் பதில்களை எழுதாமல், நடந்த நிகழ்ச்சிகளை எழுதட்டும்: எப்போது, எங்கே, யார் இருந்தார்கள், என்ன சிக்கல், தான் என்ன செய்தது, என்ன ஆயிற்று. படிப்பில் ஒன்று, வீட்டுப் பொறுப்பில் ஒன்று, தோற்றுப்போன ஒன்று, கருத்து மாறிய ஒன்று, பாடப் புத்தகத்துக்கு வெளியே படித்த ஒன்று என்றிருந்தால், வரக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றிலேயே விடை இருக்கும். பிறகு ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு ஆட்களிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒருவரிடம் சொன்ன வாக்கியம் இன்னொருவரிடம் அப்படியே வரக் கூடாது. பள்ளியின் ஆங்கில ஆசிரியை, கல்லூரிக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா, வங்கியில் வேலை பார்க்கும் மாமா என்று யாராக இருந்தாலும் சரி, அவர்கள் நடுவில் மறித்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கைபேசியில் பதிவு செய்து கேட்டால், எங்கே வேகம் கூடுகிறது, எங்கே குரல் இறங்குகிறது என்பது தங்கைக்கே தெரிந்துவிடும்.

எங்கள் கல்லூரியில் ஏன் சேர விரும்புகிறாய் என்ற கேள்வி அநேகமாக வரும். உலகத் தரம், புகழ் பெற்ற பேராசிரியர்கள், நல்ல வேலைவாய்ப்பு என்பவை எந்தக் கல்லூரிக்கும் ஒட்டக்கூடிய பதில்கள். கல்லூரியின் பாடத்திட்டப் பக்கத்தைத் திறந்து, தான் எடுக்க விரும்பும் இரண்டு மூன்று பாடங்களைப் பெயரோடு தெரிந்துகொண்டு, அவை தன் நோட்டில் இருக்கும் கேள்விகளோடு எப்படித் தொடர்புடையவை என்று சொல்ல வேண்டும். கடல் சார்ந்த படிப்பு விருப்பமென்றால் அந்தக் கல்லூரிக்குக் கடலோர ஆய்வு நிலையம் இருக்கிறதா, முதலாண்டு மாணவர்களை அங்கே சேர்த்துக்கொள்கிறார்களா என்று பார்த்து வைப்பது நல்லது.

இறுதியில், எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். ஒன்றும் இல்லை, நன்றி என்று எழுந்துவிடக் கூடாது. இணையதளத்தில் கிடைக்கும் தகவலையோ, எனக்கு இடம் கிடைக்குமா என்பதையோ கேட்கவும் வேண்டாம். அவர் அங்கே நான்கு ஆண்டு வாழ்ந்தவர். அந்த வாழ்க்கையைக் கேட்கலாம். முதல் குளிர்காலத்தை எப்படிச் சமாளித்தீர்கள், எந்தப் பேராசிரியரை இன்னும் நினைத்துக்கொள்கிறீர்கள், போவதற்கு முன் யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைப்பது எது என்பன போன்ற கேள்விகளுக்கு அவர் மனம் திறந்து பேசுவார். அது தங்கைக்கே பயன்படும். எங்கே நான்கு ஆண்டு இருக்கப் போகிறோம் என்பதைத் தங்கையும் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா.

அம்மா உடன் உட்காரலாமா என்றால், கூடாது. பெற்றோர் இல்லாமல் மாணவரோடு தனியாகப் பேசுவதுதான் முறை. காணொளி என்றால் அம்மாவும் நீங்களும் அடுத்த அறையில் இருக்கலாம். தொடக்கத்தில் வணக்கம் சொல்லிவிட்டுப் போவதில் பிழையில்லை, ஆனால் திரைக்குப் பின்னால் நின்று பதில் எடுத்துக்கொடுக்கக் கூடாது. நேரில் சந்திக்க அழைத்தால், நூலகம், கல்லூரி வளாகம், அலுவலகம், காபிக் கடை போன்ற பொது இடமாக இருக்க வேண்டும். வீட்டுக்கோ விடுதி அறைக்கோ அழைத்தால் பொது இடம் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் எந்தப் பாதகமும் வராது. நீங்கள் துணைக்குப் போய்ச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். வெறுங்கையோடு போகக் கூடாது என்று கருவாடோ இனிப்போ சங்கு மாலையோ கொண்டுபோக அம்மாவுக்குத் தோன்றும். வேண்டாம், அவர் எதையும் வாங்கிக்கொள்ளக் கூடாது. பணம், ஆதார் நகல், வங்கி விவரம் ஆகியவற்றை எந்த உண்மையான தன்னார்வலரும் கேட்க மாட்டார். கேட்டால் பதில் போடாமல், கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கே நேரடியாக எழுதி விசாரியுங்கள்.

மின்னஞ்சலுக்கு ஓரிரு நாளுக்குள் பதில் போய்விட வேண்டும். தேவையற்ற அஞ்சல்கள் போய் விழும் பெட்டியையும் நாள்தோறும் பார்க்க வேண்டும், ஏனெனில் புதிய முகவரியிலிருந்து வரும் இத்தகைய அழைப்புகள் அதற்குள் போய்விடுவதுண்டு. நம் பெயர் முறை வெளிநாட்டவரைக் குழப்பும்: தலைப்பெழுத்து விரிந்து அப்பாவின் பெயர் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்கும். என்னை இந்தப் பெயரால் அழைக்கலாம் என்று பதிலிலேயே ஒரு வரி எழுதிவிட்டால் அவர் அப்பாவின் பெயரைச் சொல்லித் தங்கையைக் கூப்பிட மாட்டார்.

நேரக் கணக்கில் மிகுந்த கவனம் தேவை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள். அதற்கு முன் கிழக்குக் கரை நகரங்கள் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும்; அதற்குப் பின் பத்தரை மணி நேரம். ஆகவே டிசம்பரில் நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 8.30. கலிபோர்னியாவில் இருப்பவர் சனிக்கிழமை மாலை 6 மணி என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை 7.30, தேதியே மாறிவிடும். பதில் எழுதும்போது இரண்டு ஊர் நேரத்தையும் கிழமையோடு குறிப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு முன்பே விண்ணப்பித்து, முன்பே முடிவைப் பெறும் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் நடக்கும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் மின்சாரமும் போகும், கைபேசிக் கோபுரமும் படுத்துவிடும். கைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்து வைப்பது, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை இன்னொரு கைபேசியில் தயாராக வைப்பது, ஜூம் செயலியை முதல் நாளே திறந்து குரலும் படமும் சரியாக வருகின்றனவா என்று பார்ப்பது ஆகியவற்றை விட்டுவிட வேண்டாம். மழை கடுமையாக இருக்கும் என்று தெரிந்தால், எங்கள் பகுதிக்குப் புயல் எச்சரிக்கை இருக்கிறது, இணைப்பு அறுந்தால் இந்த எண்ணில் வாட்ஸ்அப்பில் அழைக்கலாம், அல்லது வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதுங்கள். இராமநாதபுரத்தில் உறவினர் வீடு இருந்தால் முதல் நாளே போய்விடுவதும் நல்ல வழி. கைபேசியைக் கையில் பிடிக்காமல் புத்தகங்களை அடுக்கிக் கண் மட்டத்தில் நிறுத்தி, ஜன்னலோ விளக்கோ முகத்துக்கு எதிரில் இருக்கும்படி உட்கார்ந்தால் போதுமானது. பின்னால் தெரியும் சுவர் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. யாரும் அதைக் குறித்துக்கொள்வதில்லை. உடை, பள்ளி விழாவுக்குப் போகும்போது உடுத்துவது போன்ற சுத்தமான உடை.

வழக்கமான விண்ணப்பம் என்றால் நேர்காணல் சனவரி, பிப்ரவரியில் வரும். அது பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைத் தேர்வுக் காலம். தேர்வு நாளோடு மோதினால் வேறு நாள் கேட்கலாம், அரசுப் பொதுத்தேர்வு என்று காரணத்தைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். நேர்காணலுக்காகப் பொதுத்தேர்வுப் படிப்பை விட்டுவிட வேண்டாம். இறுதி மதிப்பெண்ணையும் கல்லூரி கேட்கும், நம் ஊர்க் கல்லூரிகளின் கலந்தாய்வுக்கும் அதுவே வேண்டும்.

முடிந்த மறுநாளுக்குள் நான்கைந்து வரியில் நன்றி மின்னஞ்சல் ஒன்று அனுப்பட்டும். உரையாடலில் அவர் சொன்ன ஏதாவது ஒன்றை அதில் குறிப்பிட்டால், பொதுவான வாசகமாக இல்லாமல் அவருக்கென்றே எழுதியதாக இருக்கும். அதன் பிறகு அவரிடம் முடிவை விசாரிக்க வேண்டாம், அவருக்கும் தெரியாது. முன்கூட்டிய விண்ணப்பங்களின் முடிவு டிசம்பர் நடுவிலும், மற்றவற்றின் முடிவு மார்ச் இறுதியிலும் மாணவரின் இணையக் கணக்கில்தான் வரும். இடையில் புதிய மதிப்பெண்ணோ பரிசோ சொல்ல வேண்டிய வேறு செய்தியோ இருந்தால், அதை நேர்காணல் நடத்தியவருக்கு அனுப்பாமல், அந்த இணையக் கணக்கின் வழியாகச் சேர்க்கை அலுவலகத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள்.